76 வயதில் கொழுப்பு மாத்திரை: முகாமில் எழுதிக் கொடுத்ததைத் தொடரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. ஏற்காடு மஞ்சக்குட்டையில் தனியாக இருக்கிறார், நான் சேலம் அஸ்தம்பட்டியில். பிரஷருக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை, நெஞ்சு வலி வந்ததில்லை. போன மாதம் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச இதய முகாமில் மொத்தக் கொலஸ்ட்ரால் 236, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 152 என்று சொல்லி ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கச் சாப்பிடச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் முட்டி வலி அதிகமாகிவிட்டது என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, இந்த மாத்திரை மறதியைக் கொண்டுவரும் என்கிறார். தொடரலாமா, நிறுத்தலாமா? அட்டையின் படமும் ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன்.

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் கம்பெனி வைத்த பெயர் பட்டையாக இருக்கிறது. பின்பக்கம், வெள்ளி நிறத்தில் எறும்பு ஊர்ந்தது போல இரண்டு வரி: அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம், ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். நீங்கள் கொழுப்பு மாத்திரையைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆனால் அம்மா மூன்று வாரமாக ஆஸ்பிரினும் சேர்த்துச் சாப்பிடுகிறார், அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு முதலில் பயம் அதில்தான். மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் ஆஸ்பிரின் உயிர்காக்கும் மருந்து, அதில் சந்தேகமே இல்லை. ஒன்றும் வராத 76 வயதுக்காரருக்கு அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்து நடத்திய ஆஸ்ப்ரீ ஆய்வு 2018இல் வெளிவந்தது. இதய நோய் இல்லாத, பெரும்பாலும் 70 தாண்டியவர்கள். தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் சொல்லும்படி குறையவில்லை, ரத்தக் கசிவு மட்டும் கூடியது. இது வந்து எத்தனையோ வருடம் ஆகியும் இந்த இரட்டை கேப்ஸ்யூலை முகாமில் மிட்டாய் மாதிரி கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை எழுதும் டாக்டரிடம் இந்த வாரமே போய், "இதில் ஆஸ்பிரின் எதற்கு?" என்று கேளுங்கள். இன்னொன்றையும் அம்மாவிடம் கேளுங்கள், முட்டி வலிக்கு மெடிக்கலில் ஏதாவது வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? ஆஸ்பிரினோடு டைக்ளோபினாக் மாதிரி ஒன்று சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சரி, கொழுப்பு மாத்திரைக்கு வருகிறேன். ஸ்டாடின் என்று சொல்லும் வகை இது, அம்மாவின் அட்டையில் இருக்கும் அட்டோர்வாஸ்டாடின் அதில் ஒன்று.

ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் என்றால் 76 ஆனாலும் 86 ஆனாலும் தானாக நிறுத்தக் கூடாது. அடுத்த வரிசை, இதய நோய் இல்லை என்றாலும் பத்துப் பதினைந்து வருடமாகத் தொந்தரவு இல்லாமல் சாப்பிட்டு வருகிறவர்கள். பிரான்ஸில் 75 வயதை எட்டிய, இதய நோய் இல்லாத, குறைந்தது இரண்டு வருடமாவது ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த 1,20,173 பேரின் பதிவுகளைப் பார்த்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது. மாத்திரையை நிறுத்தியவர்கள் இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்வது 33 சதவீதம் அதிகமாக இருந்தது. உடம்பு முடியாமல் போனதாலேயே நிறுத்தியவர்களும் அதில் இருந்திருப்பார்கள், அதனால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதை வயதைக் காரணம் காட்டி நிறுத்த நான் அவசரப்பட மாட்டேன்.

உங்கள் அம்மா இந்த இரண்டிலும் இல்லை. 76 வயதில், இதய நோய் இல்லாமல், புதிதாக ஆரம்பிக்கிறவர். உலகத்திலேயே ஆதாரம் மெலிந்து கிடக்கும் இடம் இதுதான். ஸ்டாடின் ஆய்வுகள் 28ஐச் சேர்த்து 2019இல் ஒரு பெரிய கணக்குப் போட்டார்கள். மொத்தம் 1,86,854 பேர், அதில் 75 தாண்டியவர்கள் 14,483 பேர்தான். எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் எல்டிஎல் சுமார் 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. 75 தாண்டி, நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும் அந்தப் பலன் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. அமெரிக்க அரசு நியமித்த தடுப்பு மருத்துவக் குழுவும் 2022இல் 40 முதல் 75 வயது வரைக்கும்தான் ஆலோசனை சொன்னது. 76லிருந்து, சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்று விட்டுவிட்டது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் வாழ்நாள் முழுக்க என்று சொல்லும் அளவுக்கு எங்கிருந்து தெளிவு வந்ததோ.

"ஐந்தில் ஒரு பங்கு" என்றதும் அம்மாவுக்கே 20 சதவீத லாபம் என்று நினைக்காதீர்கள். அம்மா மாதிரி நூறு பேரை எடுத்துக்கொண்டு, பத்து வருடத்தில் இருபது பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்று வையுங்கள். மாத்திரையால் அது பதினாறு ஆகும், நாலு பேர் தப்பிப்பார்கள். மற்ற 96 பேருக்கு மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கதை ஒன்றுதான். அந்தப் பலனும் சுவிட்ச் போட்ட மாதிரி வராது. 50 முதல் 75 வயதுக்காரர்களில் நூறு பேருக்கு ஒரு பாதிப்பைத் தடுக்கவே சுமார் இரண்டரை வருடம் ஆகிறது என்று 2021இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் ரிப்போர்ட்டில் 152க்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும் 'ஹை' என்ற வார்த்தைக்கு நான் அவ்வளவு மரியாதை கொடுப்பதில்லை. லேபில் அந்தத் தாளை அச்சடிக்கும் கம்ப்யூட்டருக்கு முப்பது வயதுப் பையனும் எழுபத்தாறு வயதுப் பாட்டியும் ஒன்றுதான்.

முட்டி வலி. ஸ்டாடினால் வலி வந்தால் பெரும்பாலும் தசையில் வரும், இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒரே மாதிரி. மேடு ஏறும்போது முட்டியில் மட்டும் பிடித்தால் அது தேய்மானம், மஞ்சக்குட்டை மேட்டில் 76 வயது வரை ஏறி இறங்கிய முட்டி. வலி நிஜம்தான், நடிப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பக்கவிளைவு என்று சொல்லி ஸ்டாடினை நிறுத்திய 60 பேரை வைத்து இங்கிலாந்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2020இல் வெளிவந்தது. ஒரு மாதம் ஸ்டாடின், ஒரு மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, ஒரு மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. தசையெல்லாம் கடுமையாக வலித்து, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் மட்டும் அது வேறு, அபூர்வமானது, உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறதி விஷயத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லுங்கள், மேலே சொன்ன ஆஸ்ப்ரீ ஆய்வில் இருந்த முதியவர்களிலேயே ஸ்டாடின் சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் கூடவில்லை.

இதையெல்லாம்விட, கொழுப்பு மாத்திரை எழுதுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஒரு டெஸ்ட் இருக்கிறது: தைராய்டு. டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் எண்) பார்த்தார்களா? நீங்கள் அனுப்பிய தாளில் இல்லை. தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் தானாக ஏறும், தசை வலிக்கும், மலம் சிக்கும், பேச்சு மந்தமாகும், மறதி மாதிரியே தெரியும், குளிர் தாங்காது. ஏற்காட்டில் குளிருகிறது என்றால் யார் கண்டுகொள்வார்கள்? சில வருடம் முன்பு மலையிலிருந்து ஒரு பாட்டி வந்தார். ஏப்ரல் வெயிலில், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்து ஓபியில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பையைக் கவிழ்த்தால் மூன்று அட்டை, மூன்று பெயர், மூன்று வெவ்வேறு டாக்டர். மூன்றையும் திருப்பிப் பார்த்தால் எல்லாமே அட்டோர்வாஸ்டாடின். கொழுப்பு இறங்கவில்லை என்று ஒவ்வொருவரும் ஒன்று சேர்த்திருக்கிறார்கள், பாட்டியும் சொன்ன பேச்சைத் தட்டாமல் தினமும் மூன்றையும் விழுங்கியிருக்கிறார். டிஎஸ்எச் 40க்கு மேல். குறைந்த அளவில் தைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரையை ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினோம், சில மாதத்தில் எல்டிஎல்லும் இறங்கியது, தொடை வலியும் போனது, ஸ்வெட்டரும் போனது. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வயதாக ஆக டிஎஸ்எச் கொஞ்சம் ஏறுவது சகஜம், 76 வயதில் 6, 7 என்று வந்தால் உடனே இன்னொரு வாழ்நாள் மாத்திரையைக் கையில் திணித்துவிடுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள், கூடவே டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவையும் கேளுங்கள்.

முகாம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. எல்லா முகாமும் மோசம் இல்லை. ஆனால் நெஞ்சு வலி உண்டா என்று கேட்பதற்கு முன்னால் காப்பீட்டு அட்டை இருக்கா என்று கேட்கும் இடத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முகாமில் எண், எண்ணைக் காட்டி ஸ்கேன், ஸ்கேனைக் காட்டி ஆஞ்சியோ என்று ஒரு சங்கிலி இருக்கிறது, ஒவ்வொரு கண்ணியிலும் அழைத்து வருகிறவருக்கு ஒரு கவர். வழியில் "அண்ணன் பார்த்துக்குவார்" என்று போன் நம்பர் கொடுக்கிறவர் உங்கள் சொந்தக்காரர் இல்லை. "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்" என்று கூடுதல் விலைக்கு விற்பதும் இதே ரகம்தான். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, செக்கு எண்ணெயோ பாக்கெட் எண்ணெயோ, எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதுதான் கணக்கு.

அரசுப் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்த பிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, மலைக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் வயதானவர் விழுங்கும் எல்லா அட்டையையும் ஒரு டாக்டர் மேஜையில் பரப்பிப் பார்க்க ஓபியில் பத்து நிமிடம் கிடைப்பதில்லை. ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால் நானே என்ன கிழித்துவிட முடியும்?

என் ஆலோசனை இதுதான். ஆஸ்பிரின் விஷயத்தை டாக்டரிடம் பேசி முடியுங்கள். டிஎஸ்எச் பாருங்கள். பிரஷரை வீட்டிலேயே ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்து எழுதுங்கள், 76 வயதில் பக்கவாதத்தைத் தடுக்க எல்டிஎல்லைவிட பிரஷரில்தான் எனக்குக் கவனம் அதிகம். இரண்டும் கையில் வந்த பிறகு அம்மாவையே உட்கார வைத்துக் கேளுங்கள், மாத்திரையைச் சாப்பிடப் போகிறவர் அவர்தானே. "படுத்த படுக்கையாக விழுந்துவிடக் கூடாது, அதற்கு ஒரு மாத்திரை சாப்பிட்டால் என்ன" என்றால் தனி அட்டோர்வாஸ்டாடின் 10 போதும், மக்கள் மருந்தகத்தில் ஜெனரிக்காகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், காலையோ இரவோ மறக்காத நேரத்தில் போடலாம். "போதும்பா, இருக்கிற மாத்திரையே போதும்" என்றால் அதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆரம்பித்தால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: படர்தாமரைக்கு இட்ராகோனசோலோ, சளிக்கு கிளாரித்ரோமைசினோ யாராவது எழுதினால், அட்டோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறேன் என்று சொல்லியே ஆக வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஸ்டாடின் ரத்தத்தில் தேங்கித் தசையைப் பதம் பார்க்கும்.

டாக்டரிடம் போகும்போது அம்மா வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் எடுத்துப் போங்கள், அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் வலி மாத்திரை உட்பட.