தெரியாத துறையில் கருத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கதைகளைப் பத்து வருடங்களுக்கு மேலாக வாசித்து வருகிறேன். சமீபகாலமாக செயற்கை நுண்ணறிவு, அணுக்கரு இணைவு, பணவீக்கம் என்று செய்தியில் அடிபடும் எல்லாவற்றைப் பற்றியும் சின்னச் சின்னக் கருத்துகள் எழுதுகிறீர்கள். சுவாரஸ்யமாக இருக்கின்றன. ஆனாலும் மனதில் ஒரு நெருடல்.

நான் பொருளறிவியல் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் எல்கே-99 என்ற புதிய பொருளைப் பற்றி நீங்கள் எழுதியது நினைவிருக்கிறதா? இன்னும் பத்து வருடத்தில் மின்கம்பியின் கதையே மாறிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அன்று மதியம் எங்கள் ஆய்வகத்தில் அதைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. இரண்டே வாரத்தில் அந்தச் செய்தி புஸ்வாணமாகிவிட்டது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

தெரியாத துறையில் கருத்து சொல்லித்தான் ஆக வேண்டுமா? வல்லுநர்களிடம் விட்டுவிடலாமே? குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் செய்திகளை நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளவும் ஆசை.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

குறையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது குறைதான். முதல் குறிப்பை எழுதியவன் இரண்டாவதையும் எழுதியிருக்க வேண்டும். அதற்குள் வேறொரு செய்தி வந்தது, அதன் பின்னால் போய்விட்டேன். அந்தக் கடனை முதலில் அடைத்துவிடுகிறேன்.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. மீக்கடத்தி என்பது மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும் பொருள். இதுவரை உறுதியாகத் தெரிந்த மீக்கடத்திகளுக்கு ஒன்று கடுங்குளிர் வேண்டும், இல்லையென்றால் மிகப்பெரிய அழுத்தம் வேண்டும். 2023 ஜூலை 22 அன்று தென்கொரிய ஆய்வாளர்கள், சக ஆய்வாளர்கள் யாரும் சரிபார்க்கும் முன்பே, இரண்டு கட்டுரைகளை இணையத்தில் ஏற்றினார்கள். ஈயம், தாமிரம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பொருள், சாதாரண அறை வெப்பத்தில், சாதாரணக் காற்றழுத்தத்தில் மீக்கடத்தியாக இருக்கிறது என்றார்கள். அதுதான் எல்கே-99.

கூடவே ஒரு காணொளி. காந்தத்தின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு சில்லு. ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இன்னொரு முனை காந்தத்தைத் தொட்டுக்கொண்டேதான் இருந்தது. அதையும் பார்த்தேன், ஆனால் மனம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முழுதாக மிதக்காத ஒன்றை மிதக்கிறது என்று எழுதினேன். சாதாரண இரும்புத்தன்மைக் காந்தப் பண்பு இருந்தாலே ஒரு சில்லு அப்படி ஒருபக்கமாக எழும்பும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் நடுவில் விடை வந்தது. 104 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் மின்தடை சட்டென்று இறங்கியதையும் கொரியர்கள் ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். அதற்குக் காரணம், தயாரிக்கும்போது உள்ளே கலந்துவிட்ட தாமிர சல்ஃபைடு என்ற மாசு. அந்த வெப்பத்தில் அது ஒரு படிக நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது, அப்போது தடை இறங்குகிறது. ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் அந்த மாசு இல்லாமல் தூய படிகம் வளர்த்துப் பார்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவக்கூடிய படிகம். அது மீக்கடத்தி இல்லை என்பது மட்டுமல்ல, மின்சாரத்தையே கடத்தாத பொருள். அந்த ஊதாப் படிகத்தின் படத்தைப் பார்த்தபோது, முந்தைய காணொளியைவிட இதுதான் அழகு என்று தோன்றியது. அதைத்தான் அன்றைக்கே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

சரி, எப்படி வாசிக்கிறேன் என்று கேட்டீர்கள். அந்தத் தவறுக்குப் பிறகு ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் தலைப்புச் செய்தி, தேதியோடு. வலது பக்கம் எனக்குத் தோன்றிய கருத்து, பென்சிலில். வலது பக்கத்தின் கீழ்ப் பாதியைக் காலியாக விட்டுவிடுவேன். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து, என்ன ஆயிற்று என்று பேனாவில் எழுத வேண்டும். பழைய செய்திகள் சிலவற்றையும் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தேன். புரட்டிப் பார்க்கும்போது பல பக்கங்களில் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறேன். செய்தியில் 'அதிகம்', 'குறைவு', 'இரட்டிப்பு' என்று ஒரு சொல் இருக்கும். 'எதைவிட?' என்று நான் கேட்டிருக்கமாட்டேன்.

ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். 2022 டிசம்பர் 5, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், சிறிய அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவில், கொடுத்த ஆற்றலைவிடக் கூடுதல் ஆற்றல் கிடைத்தது என்ற செய்தி. லேசர் வழியாக எரிபொருள் உருண்டையை நோக்கிப் போனது 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். என் பென்சில் குறிப்பு: 'இனி மின்சாரப் பஞ்சம் இல்லை.' கீழே பேனாவில்: அந்த லேசர்களை ஒருமுறை இயக்க மின்இணைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். எந்த வாசலில் நின்று அளக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். எரிபொருள் உருண்டையின் வாசலில் நின்றால் லாபம். ஆய்வகத்தின் மின்மீட்டர் பக்கத்தில் நின்றால் கொடுத்ததில் நூறில் ஒரு பங்குதான் திரும்பியது. இதனால் அந்தச் சாதனை சின்னதாகிவிடவில்லை. பல பத்தாண்டுகளாக முயன்றும் எட்டாத ஒரு கோட்டை அன்றுதான் தாண்டினார்கள். ஆனால் அது மின்நிலையம் பற்றிய செய்தி இல்லை, நான் அப்படி வாசித்துவிட்டேன்.

என் கணக்குப் பிழையால் யாருக்கும் நஷ்டமில்லை. எப்போதும் அப்படி இருப்பதில்லை. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதை அப்படியே சொன்னார்கள். இரண்டு மடங்கு என்பது பொய்யில்லை. பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு அந்த ஆபத்து, புதியதில் 7,000 பேரில் இருவருக்கு. அவ்வளவுதான். ஆனால் அந்த 7,000 என்ற எண் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. பயந்துபோய் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன. கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். எந்த ஆபத்துக்குப் பயந்தார்களோ அதைவிடப் பெரியதற்குள் தள்ளப்பட்டார்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. ஒரே ஒரு பகுதியெண், தலைப்பில் இடம் இல்லை என்று விடப்பட்ட ஓர் எண்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவம் படிக்காத ஒருவர் அன்றைக்கு 'எதைவிட இரண்டு மடங்கு?' என்று உரக்கக் கேட்டிருந்தால் அது அத்துமீறலா? அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

பொருளாதாரச் செய்திகளிலும் இதே கதைதான். பணவீக்கம் பத்து சதவீதத்திலிருந்து ஐந்துக்கு இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. நூறாக இருந்தது முதல் வருடம் 110 ஆனது, அடுத்த வருடம் 115.50 ஆகிறது. ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. 'பணவீக்கம் குறைந்ததாம், எங்கே குறைந்தது?' என்று கோபப்படுகிறவரும் புள்ளிவிவரம் வெளியிட்டவரும் இருவரும் சரியாகவே சொல்கிறார்கள்.

அப்புறம், வல்லுநர்களிடம் விட்டுவிடலாமே என்கிறீர்கள். இதில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. 2010இல் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அரசின் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடுகிறது என்று அதில் ஒரு கணக்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்றவர்கள் கையில் அது பெரிய ஆயுதமானது. மூன்று வருடம் கழித்து, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. அந்த ஆய்வை எழுதியவர்களிடமே மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினார். எக்செல் தாளில் சராசரி எடுக்கும் சூத்திரம் 49ஆம் வரிசை வரை போக வேண்டியது, 44இல் நின்றுவிட்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அது மட்டுமல்ல, சில வருடங்களின் தரவும் சேர்க்கப்படவில்லை, சராசரியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதிலும் சிக்கல். அவரும் அவருடைய இரண்டு பேராசிரியர்களும் திருத்திப் போட்டபோது மைனஸ் 0.1 என்பது 2.2 சதவீதமாக மாறியது. மாணவர் ஒருவர் வாயைத் திறந்து கோப்பைக் கேட்டதால் வெளிவந்த விஷயம் இது.

வல்லுநர் தன் துறையின் வேலியைத் தாண்டி ஓர் அடி வைத்தால் அவரும் நம்மைப் போலத்தான். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான நரம்பு வலையமைப்புகளில் ஜெஃப்ரி ஹின்டனைவிடப் பெரிய பெயர் உண்டா? 2016இல், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் கண்டறியும் கதிரியக்க மருத்துவர்களுக்கு இனிப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் கணினி அவர்களைவிட நன்றாகப் படம் பார்த்துவிடும் என்றார். ஐந்து வருடம் போயிற்று. கதிரியக்க மருத்துவர்கள் போதவில்லை என்ற குரல்தான் இன்றும் கேட்கிறது. படம் பார்ப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. முந்தைய படங்களோடு ஒப்பிட்டு, அடுத்து என்ன சோதனை என்று தீர்மானித்து, மற்ற மருத்துவர்களோடு பேசி, முடிவுக்குப் பொறுப்பேற்பது மீதி. அது ஹின்டனின் துறை இல்லை. பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காகவே அவர்மேல் மரியாதை கூடியது.

தொழில்நுட்பச் செய்தி என்று வருவதில் பாதி பொருளாதாரம், மீதி மனிதர்களின் வேலை, உடம்பு, பயம். எந்த ஒரு துறைக்காரரும் அதை முழுதாகக் கையில் வைத்திருக்க முடியாது. ஆகவே கருத்து சொல்வதை நான் நிறுத்தப்போவதில்லை. ஆனால் தேதி போட்டுச் சொல்வேன், திரும்பி வந்து பார்ப்பேன், தவறென்றால் அதே இடத்தில் எழுதுவேன். இந்த மூன்றாவது பழக்கம் உங்கள் கடிதத்தால் வருகிறது.

என் நோட்டில் பக்கமே இல்லாத செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2005இல் கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் எம்ஆர்என்ஏவில் (எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) ஒரு சிறு மாற்றம் செய்தால் உடலின் எதிர்ப்பாற்றல் அதைத் தாக்குவது குறைகிறது என்று எழுதினார்கள். யாரும் தலைப்புச் செய்தியாகப் போடவில்லை. பதினைந்து வருடம் கழித்து எம்ஆர்என்ஏ வகைக் கொரோனா தடுப்பூசிகளின் அடித்தளம் அதுதான். 2023இல் நோபல் பரிசு கிடைத்தபோதுதான் பலருக்கும் பெயரே தெரிந்தது. லித்தியம் அயனி பேட்டரியின் விலை 2010க்குப் பிறகு பதின்மூன்று வருடத்தில் இறங்கி இறங்கி, முன்பிருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிட்டது. எந்த ஒரு நாளிலும் அது செய்தியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதால். எல்கே-99க்காக நான் மூன்று இரவு விழித்திருந்தேன். இவற்றுக்காக ஒரு மாலைகூடச் செலவழித்ததில்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி, உரிமையோடு கேட்கிறேன். அன்று மதியம் உங்கள் ஆய்வகத்தில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை என்கிறீர்கள். ஏன் இல்லை? மின்தடை வரைபடத்தில் எதைப் பார்த்தீர்கள்? அந்தச் சில்லு ஒருபக்கமாக எழும்பி நின்றதைப் பார்த்ததும் முதலில் பேசியவர் என்ன சொன்னார்? அன்றைக்கே அதில் பத்து வரி எனக்கு எழுதி அனுப்பியிருந்தால் நான் அப்படியே பிரசுரித்திருப்பேன். இப்போதும் தாமதமில்லை. எல்கே-99 பக்கத்தின் கீழ்ப் பாதியில் தாமிர சல்ஃபைடு வரை எழுதிவிட்டேன். இன்னும் ஆறேழு கோடு இடம் இருக்கிறது. எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்