மறி ஆட்டுக்கு மூக்கால் சளி, குழையும் தின்னவில்லை: ஓங்காளமா?

கேள்வி (ஒட்டுசுட்டானிலிருந்து): மாரி தொடங்கி ஒரு கிழமையாக எங்கட மறிக்கு மூக்கால் சளி. கழுத்தை நீட்டி ஓங்காளிக்கிற மாதிரி நிற்கிறது, குழை வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. மனிசிக்குச் சளி பிடித்தால் சத்தி வருமாப்போல இருக்கும், ஆட்டுக்கும் அதுதானோ? இஞ்சி, மிளகு அவித்து, வாயை அண்ணாத்திப் பருக்கினோம்.

பதில்: முதலில் அந்தப் பருக்குகிற வேலையை நிறுத்துங்கள் தம்பி. தலையை அண்ணாத்தி ஊற்றினால் கசாயம் நுரையீரலுக்குள் போகும், அப்புறம் சாதாரண தடிமன் நிமோனியாவாகி நிற்கும். எதைப் பருக்கினாலும் வாய் கண்மட்டத்துக்கு மேலே போகக்கூடாது, கடைவாயால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

மனிசிக்கு வருவது வேறு. எங்களுக்குச் சளி தொண்டையால் இறங்கி வயிற்றைப் பிரட்டும், இருமி இருமியும் ஓங்காளம் வரும். ஆடு இரைமீட்கிற சீவன், அந்தப் பெரிய வயிற்றுக்கு விழுங்கின சளி ஒரு பொருட்டில்லை, எங்களைப்போல லேசில் சத்தி எடுக்கவும் மாட்டாது. கழுத்தை நீட்டுவது பெரும்பாலும் மூச்சுக்கும் இருமலுக்கும்தான். தின்னாததற்குக் காரணம் மூக்கு: ஆடு மணந்து பார்த்துத்தான் வாய் வைக்கும், மூக்கடைத்தால் கிளுவைக் குழையும் ஒன்று, கடதாசியும் ஒன்று.

இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மூக்கில் காய்ந்திருப்பதை ஊறவைத்துத் துடைத்துவிட்டு, ஈரம் உலர்ந்த குழையை நீட்டிப் பாருங்கள். தின்றால் பாதிப் பயம் போய்விடும். தின்னாவிட்டால் இடப்பக்கம் விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் பொத்தின கையை அமத்தி வையுங்கள், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வயிறு கையைத் தள்ளவேணும். தள்ளவில்லை, அல்லது சளி மஞ்சளாகத் தடித்திருக்கிறது, படுத்திருக்கும்போதும் விலா அடித்து இளைக்கிறது, குதத்தில் வைத்த வெப்பமானி 40 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது என்றால் அன்றைக்கே மிருக வைத்தியர். மூக்கால் பச்சையாக அரைத்த குழை வந்தால் அது சளியே இல்லை, கூடாத இலை ஏதும் தின்றிருக்கலாம், அதற்கும் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். போன தடவை மிஞ்சின ஊசியை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மாரிக்குக் கொட்டிலைத் தறப்பாளால் நாலு பக்கமும் மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், வன்னியில் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். கொட்டிலுக்குள் போய் ஆடு படுக்கிற உயரத்தில் ஒரு நிமிடம் குந்தி இருந்து பாருங்கள். மூத்திர நெடியில் உங்கள் கண் கரித்தால் அதன் மூக்கும் கரிக்கும். சாரல் அடிக்கிற பக்கத்தை மட்டும் கீழே மறைத்து, மேலே காற்றுக்கு விடுங்கள்.

சினையா என்று நீங்கள் எழுதவில்லை. கடைசி மாதச் சினை என்றால் நான் மேலே சொன்ன எதையும் செய்துபார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், ஒரு நாள் தீன் விட்டாலே அதற்கு ஆபத்து, நேரே வைத்தியரிடம் காட்டுங்கள்.