மோசமான நாளைத்தான் எழுத வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் இருக்கிறது. நன்றாகப் படிப்பான், மதிப்பெண்ணில் குறையில்லை. வகுப்பில் அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் உதவி வேண்டும் என்று பள்ளியில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். “இங்கே சமர்த்தாகத்தான் இருக்கிறான், வீட்டில்தான் ஏதோ பிரச்சினை” என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டு ஒரு மணி நேரம் அழுகிறான். இப்போது நீண்ட படிவம் ஒன்று தந்திருக்கிறார்கள். அவனால் எதெல்லாம் முடியாது என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். என் பிள்ளையை நானே காட்டிக்கொடுப்பது போல இருக்கிறது. “பெற்ற பிள்ளையை இப்படியா குறை சொல்லி எழுதுவாய்?” என்கிறார் கணவர். நாளை அவனே இதைப் படித்தால் என்ன நினைப்பான்? இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகு, பணமில்லை, ஆளில்லை என்று கைவிரித்தால் என்ன செய்வது?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளையைப் பற்றி அடுத்தவரிடம் பேசும்போது நல்லதை மட்டும் சொல்வது எல்லாப் பெற்றோருக்கும் பழக்கம். உங்கள் கணவருக்கும் அதுதான் உறுத்துகிறது. ஆனால் அந்தப் பழக்கத்தோடு இந்தப் படிவத்தை நிரப்பினால், உதவி தேவையில்லாத ஒரு பையன்தான் அதில் இருப்பான்.

“தானாக உடை அணிவானா?” என்று கேட்டிருப்பார்கள். அணிவான் என்று எழுதத்தான் கை போகும். ஒவ்வொரு பொத்தானுக்கும் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறதா? காலரில் உள்ள லேபிள் உறுத்தினால் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? அப்படியென்றால் அதை எழுதுங்கள். ‘சில சமயம் சிரமப்படுவான்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் இப்படி என்று இருக்கட்டும். நல்ல நாட்களை மறைக்க வேண்டாம். ஆனால் உதவி தேவைப்படுவது மோசமான நாட்களில்தான், அதனால் விவரமெல்லாம் அந்த நாட்களைப் பற்றி இருக்கட்டும்.

பள்ளியில் சமர்த்தாக இருக்கிறான் என்பது உண்மையாகவே இருக்கலாம். சத்தம், கூட்டம், திடீரென்று மாறும் பாடவேளை எல்லாவற்றையும் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, வீட்டு வாசலை மிதித்ததும் உடைந்துபோகும் குழந்தைகள் நிறைய உண்டு. ஆட்டிசக் குழந்தைகளிடம் இது நன்றாகத் தெரிந்த விஷயம். மதிப்பெண் பட்டியலில் இதெல்லாம் தெரியாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். அழுவதற்கு முன் என்ன நடந்தது, அழுகை எவ்வளவு நேரம், எப்படி அடங்கியது. அத்தோடு அன்று பள்ளியில் என்னென்ன வகுப்பு, யார் வரவில்லை என்பதையும் குறியுங்கள். அப்புறம் விடுமுறையில் இதே குறிப்பைத் தொடருங்கள். பள்ளி நாட்களில் அழுகையும் விடுமுறையில் அமைதியும் என்று வந்தால், வீட்டில்தான் பிரச்சினை என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

வீட்டின் மேல், குறிப்பாக அம்மாவின் மேல், பழி போடுவது பழைய கதை. தாயின் அன்பின்மையால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950களில் மருத்துவர்களே நம்பினார்கள். அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவும்கூட. காரணம் வளர்ப்பில் இல்லை, உடற்கூற்றில் இருக்கிறது என்று 1964இல் புத்தகமாகவே எழுதினார்.

பணமில்லை என்ற பதிலும் புதிதல்ல. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், குறைபாட்டைக் காட்டிப் பள்ளியிலிருந்து ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்கில் கல்வி நிர்வாகம் அதைத்தான் சொன்னது. பணப் பற்றாக்குறை இருந்தால் அதன் பாரம் இந்தக் குழந்தைகள் தலையில் மட்டும் கூடுதலாக விழக் கூடாது என்று 1972இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு உங்கள் பள்ளியைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் வந்தது. உலகின் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்டது. நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது அது. இதை உங்கள் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

கூடவே, செலவே இல்லாதவற்றைத் தனியாகக் கேளுங்கள். சத்தம் குறைந்த இடத்தில் இருக்கை, பாடவேளை மாறினால் முன்கூட்டியே சொல்வது, தாங்க முடியாதபோது கேட்காமலே எழுந்து போக ஓர் அமைதியான மூலை. இவற்றை மறுக்கப் பணத்தைக் காரணம் காட்ட முடியாது. மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் சுலபமாக இல்லை என்பவர்கள் எழுத்தில் கொடுக்கத் தயங்குவார்கள்.

நாளை அவன் படித்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நாளை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஒன்பது வயதுப் பையன், நன்றாகப் படிக்கிறவன். வகுப்பில் எது ரொம்பக் கஷ்டம், எது இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவனிடமே கேளுங்கள். தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கும் உண்டு என்று அதே உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு சொல்கிறது. பேச விருப்பமில்லை என்றால் எழுதட்டும், வரையட்டும். அவன் சொன்னதைத் திருத்தாமல் அப்படியே படிவத்தோடு இணைத்துவிடுங்கள்.

கணவரோடு வாதாட வேண்டாம். நோட்டில் மாலை நேரக் குறிப்பை ஒரு வாரம் அவர் எழுதட்டும். அடுத்த கூட்டத்துக்கும் அவரை அழைத்துப் போங்கள். நீங்கள் பேசுங்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அவர் குறித்துக்கொள்ளட்டும். அன்று இரவே அதைப் பள்ளிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.