சிலந்தி நஞ்சுப் பெப்டைடுகள்: பட்டியலைக் குறைப்பது எப்படி?

பயிர்ப் பூச்சிக்கொல்லியாக்கப் பெப்டைடுகளை (சிறு புரதங்களை) தேடி, சிலந்தி நஞ்சுகளின் தரவுத்தளமான அரக்னோசர்வரில் 'பூச்சிகளைக் கொல்பவை' என்று வடிகட்டியும் பட்டியல் நீளமாகவே இருக்கிறது, எதைத் தேர்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் சிக்னல் பெப்டைடையும் புரோபெப்டைடையும் (நஞ்சு உருவாகும்போது வெட்டப்பட்டு நீங்கும் பகுதிகள்) வெட்டிவிட்டு, மிஞ்சும் முதிர்ந்த அமினோ அமில வரிசைகளை மட்டும் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஒற்றுமை கூடுதலாகத் தெரியும். அப்புறம் சிஸ்டீன் முடிச்சு உள்ளவற்றை முன்னால் வையுங்கள். 3 டைசல்பைடு பிணைப்புகள் (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள்) பின்னிய அந்த அமைப்பை, புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் நொதிகள் எளிதில் உடைப்பதில்லை.

ஆனால் ஒன்று. பெரும்பாலான எல்டி50 மதிப்புகள் (பாதிப் பூச்சிகளைக் கொல்லும் அளவு) பூச்சிக்கு ஊசி போட்டுப் பெற்றவை. வயலில் அது தின்றுதானே சாக வேண்டும்! குடல் சுவரைத் தாண்டுமா என்பதுதான் முக்கியக் கேள்வி. எச்வி1ஏ என்ற சிலந்தி நஞ்சுப் பெப்டைடை, குடல் சுவரைத் தாண்டக்கூடிய ஸ்னோடிராப் செடியின் லெக்டின் புரதத்தோடு இணைத்துப் பார்த்ததும் அதற்காகத்தான்.

பாலூட்டிகளின் அயனி வாய்க்கால்களையும் (செல்லுக்குள் அயனிகள் போய்வரும் புரத வழிகள்) தாக்குபவற்றைத் தயங்காமல் நீக்குங்கள். தேனீக்களுக்குத் தீங்கா என்று பார்க்கும் சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள்.