ராபர்ட் மோக் 1960-களில் செய்த சிந்தசைசரின் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) தாக்கம் இன்றைய கருவிகளில் எங்கே தெரிகிறது?

முதலில் பெயர்: ‘மூக்’ இல்லை, ‘மோக்’.

அவர் விட்டுச்சென்றதில் பெரியது ஓர் அளவுகோல்தான். கருவியைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியென்றால் அரைச்சுரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட். இன்றைய யூரோரேக் மாட்யூல்களுக்கும் (ஒன்றோடொன்று இணைத்து சிந்தசைசர் அமைக்கும் தனித்தனிப் பகுதிகள்) இதே கணக்கு. கோர்க் எம்எஸ்-20 போன்ற ஹெர்ட்ஸ்/வோல்ட் கருவியை (இதில் வோல்ட் இரட்டித்தால்தான் ஒரு ஸ்தாயி ஏறும்) இதோடு நேரே இணைத்தால் ஓரிரு சுரம் சேரும், மற்றதெல்லாம் அபசுரம். நடுவில் ஒரு மாற்றி தேவை.

பழைய மோக் சிந்தசைசரின் சுருதி நழுவக் காரணம் வெப்பம். வோல்ட்டை அதிர்வெண்ணாக்கும் டிரான்சிஸ்டர் சூட்டுக்கேற்ப மாறும். ஆன் செய்து அரை மணி நேரமாவது விட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

அவருடைய லேடர் ஃபில்டர் (ஒலியின் உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் சர்க்யூட்) இன்று மென்பொருளிலும் இருக்கிறது. ரெசொனன்ஸைக் (வெட்டும் இடத்தை ஒட்டிய அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும் அமைப்பு) கூட்டினால் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலிகள், மெலியும். பழுதென்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சர்க்யூட்டின் இயல்பே அதுதான்.