டிஸ்க் இருக்கிறது, விண்டோஸ் வரவில்லை: கேள்வி பதில்

கேட்பதற்கு முன் இரண்டு தகவல் வேண்டும். திரையில் வந்த வாசகம், எழுத்து மாறாமல். அப்புறம், பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் திறக்கும் இயந்திரத்தின் அமைப்புத் திரையில், டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா இல்லையா. இவை இல்லாமல் யார் பதில் சொன்னாலும் அது ஜோசியம்தான்.

கேள்வி: "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்று வருகிறது. பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறது. விண்டோஸை மறுபடி போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பென்டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். பிறகு எந்த டிஸ்க்கில் இருந்து முதலில் எழுவது என்ற பூட் வரிசையைப் பாருங்கள். அதுவும் சரி என்றால், பூட் முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பயாஸ் முறையில் இயந்திரம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை, அதாவது எம்பிஆரை, படித்து அதை ஓட்டும். புது இயந்திரங்களில் பயாஸின் இடத்தில் இருக்கும் யூஇஎஃப்ஐ அந்தப் பக்கமே போகாது. ஃபேட்32 வடிவில் இருக்கும் சிறிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் நுழைந்து பூட் ஃபைலைத் தேடும். ஒரு முறையில் நிறுவிய விண்டோஸை மற்ற முறையில் எழுப்பினால், டிஸ்க் நிறைய ஃபைல் இருந்தாலும் ஒன்றுமில்லை என்றே சொல்லும். முறையை மாற்றினால் போதும், விண்டோஸ் அப்படியே இருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. இப்போது நீலத் திரையில் "இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்".

பதில்: மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது போனால் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பலாம். இயந்திரம் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை, ரெய்டில் இருந்து ஏஹெச்சிஐக்கோ, அதற்கு எதிராகவோ மாறியிருக்கும். பேட்டரியை மாற்றிவிட்டுப் பழைய முறையை வையுங்கள். டிஸ்க்கில் கோளாறு இல்லை.

கேள்வி: பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்து சி டிரைவை மட்டும் புது எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்தேன். எஸ்எஸ்டியை மட்டும் மாட்டினால் பூட் ஆகவில்லை. பூட்டைச் சரிசெய்யும் பூட்ரெக் கட்டளைகள் மூன்றையும் (ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட், ரீபில்ட்பிசிடி) அடித்துவிட்டேன்.

பதில்: அந்த மூன்று கட்டளைகளையும் மந்திரம் மாதிரி எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். யூஇஎஃப்ஐ இயந்திரத்தில் ஃபிக்ஸ்எம்பிஆரால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அந்த எம்பிஆர் குறியீட்டை அங்கே யாரும் படிப்பதில்லை. ஃபிக்ஸ்பூட் பல நேரம் "ஆக்ஸஸ் இஸ் டினைட்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

உங்கள் பிரச்சினை வேறு. சி டிரைவ் வந்துவிட்டது, ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பழைய டிஸ்க்கிலேயே நின்றுவிட்டது. எளிய வழி, முழு டிஸ்க்கையும் மறுபடி குளோன் செய்வது. அது முடியாது என்றால், எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன் பட்டியல் ஜிபிடி வடிவில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, காலி இடத்தில் 100 எம்பிக்கு ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, அதற்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளையில் விண்டோஸ் ஃபோல்டரையும் எஸ் டிரைவையும் காட்டினால் பூட் ஃபைல்கள் புதிதாக எழுதப்படும். நிறுவும் பென்டிரைவில் இருந்து நுழையும்போது எழுத்துகள் இடம் மாறும். நீங்கள் சி என்று நினைப்பது அங்கே டி ஆக இருக்கலாம். டிர் கட்டளை அடித்து உள்ளே என்ன ஃபைல் இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள்.

கேள்வி: எனக்கும் "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பயாஸில் பெயர் தெரிகிறதா?

கேள்வி: டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம். விண்டோஸ் லோகோவில் அரை மணி நேரம் நிற்கிறது. மூன்று வருடப் புகைப்படங்கள் அதில்தான். டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் /ஆர் ஓட்டலாமா?

பதில்: ஓட்டவே கூடாது. இப்போதே பவரை அணையுங்கள். முதலில் தரவு, அப்புறம்தான் ரிப்பேர். சத்தம் தொடர்ந்தால் வீட்டில் ஆனும் செய்யாதீர்கள். தரவு மீட்பு ஆட்களிடம் போக வேண்டிய டிஸ்க் அது.

கேள்வி: நாங்கள் எந்த இயந்திரம் வந்தாலும் முதலில் செக்டிஸ்க் /ஆர் தான் ஓட்டுவோம். நிறைய எழுந்துவிடுகின்றன. எதற்கு இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: எழுந்தவை ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பிய டிஸ்க்குகள். நல்ல டிஸ்க்கில் அது நல்ல கருவிதான். சாகிற டிஸ்க்கில் /ஆர் கொடுத்தால் டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு கட்டத்தையும், அதாவது செக்டாரையும், படிக்க முயன்று, தடுமாறும் இடத்திலேயே மோதிக்கொண்டு நிற்கும். மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது போல. போதாததற்கு, அதே நோயாளி டிஸ்க்கில் எழுதவும் செய்யும். உரியவர் இல்லாத துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் கொட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: சாகிற டிஸ்க்கை நகல் எடுக்க நீங்கள் எப்போதும் சொல்லும் டிடிரெஸ்க்யூவும் எல்லா செக்டாரையும் தானே படிக்கிறது? அதற்கு மட்டும் வலிக்காதா?

பதில்: நல்ல கேள்வி. வலிக்கும். ஆனால் அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். எங்கே நின்றது என்று மேப் ஃபைலில் குறித்து வைப்பதால் இடையில் டிஸ்க் தொங்கினாலும் அங்கிருந்தே தொடரலாம். மூல டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதாது. நகல் எடுத்த பிறகு அந்த நகலில் செக்டிஸ்க்கை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கேள்வி: எது சாகிற டிஸ்க், எது குழம்பிய டிஸ்க் என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தால் வேலை நடக்குமா?

பதில்: டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 ஆகியவற்றின் மூல மதிப்பு பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் செக்டார்கள் போகின்றன, நகல் எடுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான், மாற்றிப் பாருங்கள். எல்லாம் பூஜ்யம், சத்தமும் இல்லை என்றால், பேக்கப்பை உறுதி செய்துவிட்டு உங்கள் செக்டிஸ்க்கை ஓட்டுங்கள். ஆனால் எஸ்எஸ்டி சத்தமே போடாமல் ஒரே நாளில் பயாஸில் இருந்து காணாமல் போகும். அதற்கு இந்த எண்களை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

கேள்வி: பயாஸ் அப்டேட் செய்தேன். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண் கேட்கிறது. சுற்றுவழி உண்டா?

பதில்: இல்லை. இருந்தால் அது பூட்டே அல்ல. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறு இயந்திரத்தில் இருந்து நுழைந்து அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியிடம் கேளுங்கள். அடுத்த முறை அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.

கேள்வி: விண்டோஸில் இருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது "கிரப் ரெஸ்க்யூ" என்று கறுப்புத் திரை.

பதில்: லினக்ஸை எழுப்பும் கிரப்பின் முதல் துண்டு மிச்சம் இருக்கிறது, மீதியை நீங்கள் அழித்துவிட்டீர்கள். யூஇஎஃப்ஐ என்றால் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றுங்கள். பழைய பயாஸ் என்றால், ஃபிக்ஸ்எம்பிஆர். ஆமாம், மேலே திட்டிய அதே கட்டளைதான். அதற்கான இடம் இது.

கேள்வி: மேக்புக்கில் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் வருகிறது.

பதில்: மேக் ஆட்களிடம் கேளுங்கள். அதுவரை அதில் எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: சார், சிஸ்டம் பூட் ஆகவில்லை. அவசரம். ஃபார்மட் செய்துவிடவா?

பதில்: பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறதா? திரையில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டையும் எழுதுங்கள். அதுவரை ஃபார்மட் பொத்தானில் இருந்து கையை எடுங்கள்.