மாட்டுக்குத்தான் நான்கு வயிறு இருக்கிறதே, மீந்த சோற்றைப் போட்டால் ஜீரணம் ஆகாதா?

வாசலில் வந்து நிற்கும் பசுவுக்கு ஒரு வாய் வைப்பதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புண்ணியத்தைக் கெடுக்கிறான் என்று கமெண்டில் நாலு பேர் வருவார்கள். நீங்கள் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் குடியிருந்து, நேற்றைய சோற்றைக் காலையில் தெரு மாட்டுக்கு வைக்கிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு கைப்பிடி வைத்தால் ஒன்றும் ஆகாது. ஒரு வாளி வைத்தால் அந்த மாடு சாகலாம்.

மாட்டுக்கு இருப்பது ஒரே வயிறு, அதில் நான்கு அறைகள். மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. புல்லை நாக்கால் சுற்றி இழுத்து, கீழ்ப்பல்லை மேல் ஈறோடு அழுத்தி அறுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். அது போய்ச் சேரும் முதல் அறை ருமென். வளர்ந்த பசுவுக்கு 100 முதல் 200 லிட்டர் கொள்ளும், இடப்பக்க வயிறு முழுக்க அதுதான். அங்கே ஜீரண நீர் எதுவும் சுரப்பதில்லை. இட்லி மாவு அண்டாவில் புளிப்பது போல, உள்ளே இருக்கும் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சைகள்தான் தீவனத்தைப் புளிக்க வைக்கின்றன. வைக்கோலின் நாரை உடைக்கும் என்சைம் மாட்டின் உடம்பில் இல்லை, அந்த நுண்ணுயிரிகளிடம் இருக்கிறது. அவை வெளியிடும் அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை ருமெனின் சுவரே உறிஞ்சிக்கொள்ளும். மாட்டின் சக்தியில் சுமார் 70 சதவீதம் இந்த வழியாகத்தான் வருகிறது. பாலில் இருக்கும் கொழுப்புக்கு அசிட்டிக் அமிலம் முக்கியம். வைக்கோலைக் குறைத்துத் தவிடும் சோறுமாகப் போட்டால் பால் தண்ணியாகிவிட்டது என்பார்களே, நார் குறைந்தால் அந்த அமிலமும் குறைவதுதான் காரணம்.

அசைபோடுவதைப் பலர் மாடு ஓய்வெடுப்பதாக நினைக்கிறார்கள். ஜீரணத்தின் பாதி வேலை அப்போதுதான் நடக்கிறது. ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம், விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்து திரும்ப அரைக்கும். அதோடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறி உள்ளே போகும். எச்சிலில் சோடா உப்பு, அதாவது பைகார்பனேட் இருக்கிறது. ருமெனின் அமிலத்தைக் கட்டுக்குள் வைத்து, பிஎச் அளவை (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6-க்கும் 7-க்கும் நடுவில் நிறுத்துவது அதுதான்.

இப்போது சோற்றுக்கு வாருங்கள். சோற்றை அவ்வளவாக அசைபோடத் தேவையில்லை, அதனால் எச்சிலும் அதிகம் ஊறாது. 10 கிலோ சோற்றில் ஏறக்குறைய 2.5 முதல் 3 கிலோ வரை மாவுச்சத்து இருக்கும். வெந்த மாவு என்பதால் மளமளவென்று புளிக்கும். லாக்டிக் அமிலம் பெருகி, பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கியதும் நாரை உடைக்கும் பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும். 5-க்குக் கீழே போனால் ருமென் அசைவே நின்றுவிடும். அமிலம் ரத்தத்தில் ஏறும், உடம்பின் நீரெல்லாம் ருமெனுக்குள் இழுபடும். 12 முதல் 36 மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தெரியும்: அசைபோடாது, புளித்த வாடையோடு கழியும், கண் குழிவிழும், நடை தள்ளாடும், பிறகு படுத்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் பல மாடுகளுக்குக் குளம்பு வீங்கி நொண்டும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும், கல்யாண மண்டபங்களின் பின்வாசலிலும் இந்த ஆபத்து அதிகம்.

இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். அது மேடாகப் புடைத்திருந்தால் ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம், மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாட்டுக்காரரைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சோடாவோ எண்ணெயோ நீங்களாக ஊற்றாதீர்கள். தலையைத் தூக்கி நாக்கைப் பிடித்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும், படுத்திருக்கும் மாட்டுக்கு இன்னும் மோசம்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், வயிறு எரிகிறது. சோற்றை ஏன் கேரி பேகோடு முடிச்சுப் போட்டு வைக்கிறீர்கள்? மாடு நாக்கால் வாரி விழுங்கும் பிராணி, பையைப் பிரித்துத் தின்னாது. ருமெனிலிருந்து அடுத்த பக்கம் போகும் வாயில் வழியாகச் சில மில்லிமீட்டர் அளவுத் துகள்தான் நுழையும். பை ஒருநாளும் நுழையாது, சாணத்திலும் வராது. வருஷக்கணக்கில் உள்ளேயே சேர்ந்து இறுகும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது 2019 ஜனவரியில். இன்றும் குப்பைத்தொட்டியைச் சுற்றி அதுதான் கிடக்கிறது. ஆணி, கம்பித்துண்டு போனால் இரண்டாவது அறையான வலைவயிற்றில் தங்கும். அதற்கு முன்னால் வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் தசையான உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். ஒரு கம்பி குத்திக்கொண்டே போய் இதய உறையைத் துளைப்பதும் நடக்கிறது.

மற்ற இரண்டு அறைகளைப் பற்றிச் சுருக்கமாக: மூன்றாவது, ஏடு ஏடாக மடிந்தது, தண்ணீரை உறிஞ்சும். நான்காவதுதான் நம் இரைப்பை மாதிரி அமிலம் சுரப்பது. அங்கே நுண்ணுயிரிகளே ஜீரணமாகி மாட்டுக்குப் புரதமாகின்றன.

கொடுக்க ஆசையிருந்தால் வைக்கோல், புல், ஒரு கட்டு அகத்திக்கீரை, ஒரு வாளி நல்ல தண்ணீர். சோறு இரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், பையில்லாமல். பால் குடிக்கும் கன்றுக்கு அதுவும் வேண்டாம். அதற்கு ருமென் இன்னும் வளர்ந்திருக்காது, குடிக்கும் பால் ஒரு பள்ளம் வழியாக நேராக நான்காவது அறைக்குப் போகும். சோறு அப்படிப் போகாது.